ஆங்கிலக் கிழமைப் பெயர்களைப் பொருளோடு கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்போருக்காக நாளிதழ்களின் மாணவர் பக்கங்களிலும் தொடக்கநிலைப் பயிற்சி நூல்களிலும் கிழமைப் பெயர்கள் வரும் விதம் ஏறக்குறைய ஒன்றேதான். இடப்பக்கம் சண்டே, மண்டே என்று ஏழு சொற்கள், வலப்பக்கம் ஞாயிறு, திங்கள் என்று ஏழு சொற்கள், அடியில் 'மனப்பாடம் செய்க' என்று ஒரு வரி. அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இப்படிக் கற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் ட்யூஸ்டேயையும் தர்ஸ்டேயையும் மாற்றிச் சொல்கிறார்கள். வென்ஸ்டேயை எழுதப் புகுந்து நடுவில் தடுமாறுகிறார்கள். விடுப்பு விண்ணப்பத்தில் 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று எழுதுகிறார்கள். மூன்றையும் மறதிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெயர்களின் பொருளும் ஆட்சியும் சொல்லித் தரப்படாததால் வரும் பிழைகள் இவை. ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். தமிழ் தெரிந்தவர் இந்த ஏழு பெயர்களின் பாதிப் பாடத்தை ஏற்கெனவே அறிந்தவர். அதைப் பயன்படுத்தாமல் விடுவது எங்களுக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

'கிழமை' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் 'கிழமைப் பொருள்' என்றே இலக்கணம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள். ஆங்கிலப் பெயர்களும் அப்படிக் கட்டப்பட்டவைதான். பழைய ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமைக்கு 'டீவெஸ்டை' என்று பெயர். 'டீவ்' என்பது ஒரு தெய்வம், 'எஸ்' உரிமையைக் காட்டும் உருபு, 'டை' என்பது நாள். இன்று 'ஃபாதர்'ஸ் நேம்' என்று விண்ணப்பங்களில் பார்க்கிறோமே, அந்த 'எஸ்' இதன் வழிவந்ததுதான். ட்யூஸ்டே, வென்ஸ்டே, தர்ஸ்டே மூன்றின் நடுவிலும் வரும் 'எஸ்' இந்த உருபே. சண்டே, மண்டே, ஃப்ரைடே மூன்றிலும் அது இல்லாததற்கும் காரணம் உண்டு. சூரியனுக்கும் நிலவுக்கும் பழைய ஆங்கிலத்தில் வேறு உருபு: 'சுன்னன்டை', 'மோனன்டை'. ஃப்ரைடேக்கு உரிய தெய்வம் பெண்பால், அதற்கும் 'எஸ்' சேராது. சாட்டர்டே மட்டும் பழைய ஏடுகளில் 'எஸ்' உள்ள வடிவிலும் இல்லாத வடிவிலும் கிடைக்கிறது. பின்னர் இல்லாத வடிவே நிலைத்தது.

நாள் யாருக்கு உரியது என்று பார்த்தால் தமிழும் ஆங்கிலமும் வரிசை பிசகாமல் ஒத்துப்போகின்றன. சூரியன், நிலவு, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்ற ஏழு கோள்களே இரண்டிலும் அடிப்படை. சூரியனும் நிலவும் பழைய வானியலில் கோள்களாகவே எண்ணப்பட்டன. 'திங்கள்' என்ற ஒரே சொல் தமிழில் நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் மூன், மந்த், மண்டே மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை. மந்த், மண்டே இரண்டிலும் 'ஓ' எழுத்து 'அ' ஒலியையே தருவதையும் இங்கேயே காட்டிவிடலாம். 'மோன்டே' என்று வாசிக்கும் பிழை அங்கேயே நின்றுவிடும்.

சரி, இந்த வரிசை ஏன்? ஞாயிற்றுக்குப் பின் திங்கள், அதன்பின் செவ்வாய் என்பது தொலைவு வரிசையும் அல்ல, ஒளி வரிசையும் அல்ல. பட்டியலை ஒப்பிக்கும் மாணவர் இதைக் கேட்டால் பல வகுப்புகளில் பதில் வருவதில்லை. பதில் ஒரு சின்னக் கணக்குதான். பழைய வானியலார் கோள்களை அவை வான்வட்டத்தைச் சுற்றிவர எடுக்கும் காலத்தை வைத்து அடுக்கினார்கள். சனிக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு, வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, நிலவுக்கு 27 நாளும் சில மணி நேரமும். மெதுவானதிலிருந்து தொடங்கினால் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலவு என்று வரும். நாளின் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றையும் இந்த வரிசைப்படி ஒரு கோளுக்கு ஒப்படைத்தார்கள். முதல் மணி எந்தக் கோளுக்கோ அந்த நாளும் அதற்கே.

தாளில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். முதல் மணி சனிக்கு. ஏழு ஏழாகத் தாவினால் 8, 15, 22ஆம் மணிகளும் சனிக்கு. 23ஆம் மணி வியாழனுக்கு, 24ஆம் மணி செவ்வாய்க்கு. அடுத்த நாளின் முதல் மணி சூரியனுக்கு வந்து நிற்கிறது. ஆகவே சனிக்குப் பின் ஞாயிறு. அங்கிருந்து மறுபடி எண்ணினால் 22ஆம் மணி சூரியன், 23 வெள்ளி, 24 புதன், மறுநாள் நிலவு. ஆகவே ஞாயிற்றுக்குப் பின் திங்கள். 24ஐ ஏழால் வகுத்தால் மீதி 3 என்பதால் ஒவ்வொரு நாளும் அடுக்கில் மூன்று இடம் தள்ளிப் போகிறோம், அவ்வளவுதான். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இந்த விளக்கத்தைத் தருகிறார். கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டரும் இதையே, வேக வரிசையில் நான்காவதாக வருவது நாளின் அதிபதி என்று சூத்திரமாகச் சொல்கிறார் (தொடங்கும் கோளையும் சேர்த்து எண்ண வேண்டும்). பஞ்சாங்கத்தில் 'ஓரை' என்று பார்க்கிறோமே, அது கிரேக்க 'ஹோரா'. ஆங்கிலத்தின் 'அவர்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே.

ரோமானியர்களிடம் முன்பு எட்டு நாள் சந்தைச் சுழற்சிதான் இருந்தது. கோள்களின் ஏழு நாள் வாரம் கி.பி. முதல் நூற்றாண்டுக்குள் அங்கே பரவிவிட்டது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்துச் சுவரில் நாள்களின் தெய்வங்களை யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள், சனியை முதலாக வைத்து. கி.பி. 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் சூரியனின் நாளை ஓய்வு நாளாக ஆணையிட்டார்.

ரோமானியரோடு பழகிய ஜெர்மானிய இனத்தவர் இந்த வாரத்தை ஏற்றபோது, ரோமானியத் தெய்வங்களுக்கு ஈடாகத் தங்கள் தெய்வங்களை நிறுத்தினார்கள். ஆங்கிலப் பெயர்களில் நான்கு இப்படி வந்தவை, கற்பவர் இடறும் இடமும் இதுதான். செவ்வாயின் தெய்வம் மார்ஸ், போர்க்கடவுள். அதற்கு ஈடு 'டீவ்', அதிலிருந்து ட்யூஸ்டே. புதனின் தெய்வம் மெர்க்குரி. ஈடு 'வோடன்', வட ஐரோப்பியக் கதைகளில் ஓடின் என்று வருபவன். ஜெர்மானியர் மெர்க்குரியைத்தான் எல்லாருக்கும் மேலாக வணங்குகிறார்கள் என்று கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது இந்த வோடனைக் கருதித்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வியாழனின் தெய்வம் ஜூப்பிட்டர், கையில் இடி ஏந்தியவன். ஈடு 'துனோர்', அந்தப் பெயருக்கே இடி என்றுதான் பொருள், இன்றைய 'தண்டர்' அதே சொல். வெள்ளியின் தெய்வம் வீனஸ். ஈடு 'ஃப்ரிக்'. சனியின் சாட்டர்னுக்கு மட்டும் ஈடு கிடைக்கவில்லை. லத்தீன் பெயர் அப்படியே தங்கிவிட்டது.

இவற்றில் இரண்டு பெயர்கள் நமக்கு இன்னும் நெருக்கம். 'டீவ்' என்பதும் வடமொழி 'தேவ' என்பதும் ஒரே மூலச் சொல்லின் கிளைகள். 'ஃப்ரிக்' என்பதும் 'பிரியா' என்பதும் அப்படியே, அன்புக்குரியவள் என்பது பொருள். ட்யூஸ்டேயில் தேவனும் ஃப்ரைடேயில் பிரியாவும் ஒளிந்திருப்பதைச் சொல்லிவிட்டால் மாணவர் அந்தப் பெயர்களை விடமாட்டார். இது ஒலி ஒற்றுமையை வைத்துச் செய்யும் விளையாட்டு அல்ல, ஒப்பியல் மொழிநூலில் நிறுவப்பட்ட உறவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லாச் சொல்லுக்கும் இப்படி வேர் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு திருத்தங்கள். ஃப்ரைடே 'ஃப்ரெயா' என்ற தெய்வத்தின் பெயரால் வந்தது என்று பல இடங்களில் அச்சாகிறது. ஆங்கில வடிவம் ஃப்ரிக்கிலிருந்து வந்தது, ஃப்ரெயா வேறு தெய்வம். தர்ஸ்டேயை 'தோரின் நாள்' என்பதில் பாதி உண்மை உண்டு. பழைய ஆங்கில வடிவம் 'துன்ரெஸ்டை', துனோரின் நாள். நடுவிலிருந்த 'ன்' உதிர்ந்து சுருங்கியதில் வட ஐரோப்பியர் வழங்கிய 'தோர்' வடிவத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இப்போது எழுத்தும் ஒலியும். வென்ஸ்டேயை எழுதும்போது 'வெட் – நெஸ் – டே' என்று மூன்று துண்டாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எழுத வேண்டும். வாயால் சொல்லும்போது 'வென்ஸ்டே' என்று இரண்டே அசை. வோடனின் பெயரிலிருந்த 'ட்' எழுத்தில் நின்றுவிட்டது, பேச்சில் அடுத்தடுத்து வந்த மெய்களுக்கு நடுவே நசுங்கிப் போயிற்று. 'வெட்னஸ்டே' என்று எழுத்துப்படி படிப்பது அதனால்தான் காதுக்கு உறுத்துகிறது. ட்யூஸ்டேயில் 'யூ' முன்னால், 'ஈ' பின்னால். தர்ஸ்டேயின் முதல் ஒலிக்கு நாக்கு நுனியை மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே லேசாக வைத்துக் காற்றை விட வேண்டும். தமிழ் 'த' போலப் பல்லில் அழுத்தினால் அடுத்தவர் காதில் 'டர்ஸ்டே' என்று விழுந்து ட்யூஸ்டேயோடு குழம்பும். தொலைபேசியில் நாள் மாறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். உரிமை உருபாக வந்த அந்த மூன்று 'எஸ்'களும் தொண்டை அதிரும் ஒலி உடையவை. தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரிய வேண்டும். சாட்டர்டேயை எழுதுவதற்கு முன் சனிக்கோளின் ஆங்கிலப் பெயரை எழுதிப் பார்க்கச் சொன்னால் நடு எழுத்தாக 'ஈ' போடும் பிழை போய்விடும்.

ட்யூஸ்டே, தர்ஸ்டே குழப்பத்துக்குச் சிலர் 'டூ என்றால் இரண்டு, ஆகவே ட்யூஸ்டே இரண்டாம் நாள்' என்று சொல்லித் தருகிறார்கள். வாரம் திங்களில் தொடங்கினால்தான் அது சரி. ஞாயிற்றில் தொடங்கும் நாள்காட்டியைப் பார்த்ததும் சறுக்கிவிடும். இடி, தண்டர், தர்ஸ்டே, வியாழன் என்ற சங்கிலி எந்த நாள்காட்டியிலும் நிற்கும். தண்டர், தர்ஸ்டே இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குவது கூடுதல் லாபம்.

ஏழு பெயர்களையும் சரியாக எழுதக் கற்ற பிறகும் வாக்கியத்தில் தவறுகிறவர்களே அதிகம். தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தமிழ் உருபுகளில் போய் முடிகிறது. 'திங்கட்கிழமையன்று' என்பதில் உள்ள 'அன்று' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆன்': 'ஆன் மண்டே'. தமிழில் 'அடுத்த திங்கட்கிழமையன்று' என்றாலும் 'அன்று' தங்குகிறது. ஆங்கிலத்தில் திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி என்ற நான்கும் முன்னால் வந்தால் 'ஆன்' போய்விடும். 'நெக்ஸ்ட் மண்டே' என்றாலே போதும். பொழுதோடு சேரும்போது 'இன் த மார்னிங்' என்பது 'ஆன் மண்டே மார்னிங்' ஆகும், கிழமை வந்துவிட்டால் 'இன்' இடம் விட வேண்டும்.

அடுத்தது '-க்குள்'. 'வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்', 'மூன்று நாளுக்குள் தர வேண்டும்' என்று தமிழில் ஒரே உருபு இரண்டுக்கும் உதவுகிறது. ஆங்கிலத்தில் கெடு நாளுக்கு 'பை ஃப்ரைடே', கால அளவுக்கு 'வித்தின் த்ரீ டேஸ்'. 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதக் கூடாது. 'வெள்ளி வரை' என்பதற்கு 'அன்டில் ஃப்ரைடே', தொடர்ந்து நடக்கும் செயலுக்கு மட்டும். 'சப்மிட் அன்டில் ஃப்ரைடே' என்று கேட்டால் வெள்ளி வரை கொடுத்துக்கொண்டே இரு என்றாகிவிடும். எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ஓர் அலுவலகம் 'நாட் ஓப்பன் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளியன்று திறக்கும் என்று பொருள். தமிழில் 'வெள்ளி வரை திறக்காது' என்று கேட்கிறவர் வெள்ளியும் மூடியிருக்கும் என்று நினைத்து சனிக்கிழமை போய் நிற்பார். 'திங்கள் முதல் எனக்குக் காய்ச்சல்' என்பதற்கு 'சின்ஸ் மண்டே'. 'ஃப்ரம்' போட்டால் வாக்கியம் பிழையாகும். அமெரிக்கர் எழுதும் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்பதில் வெள்ளியும் நிச்சயமாக அடக்கம்.

பன்மை உருவுக்கும் தனிப் பொருள் உண்டு. 'ஆன் மண்டேஸ்' என்றால் திங்கள்தோறும். மேற்புள்ளியிட்டு 'மண்டே'ஸ் மீட்டிங்' என்றால் அந்தத் திங்களன்று நடக்கும் கூட்டம். ஒய் எழுத்துக்கு முன் உயிரெழுத்து இருப்பதால் பன்மையில் ஒய் மாறாது, 'எஸ்' மட்டும் சேரும். முதலெழுத்து வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்துதான். 'வீக்டே' என்ற சொல்லை ஏழு நாளுக்கும் பொதுவாக நினைப்பதும் தவறு, அறிவிப்புகளில் அது திங்கள் முதல் வெள்ளி வரையே. கிழமை கேட்க 'வாட் டே இஸ் இட்', தேதி கேட்க 'வாட்ஸ் த டேட்'. இரண்டையும் மாற்றிக் கேட்டுவிட்டுப் பதில் பொருந்தவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடையேயும் வழக்கு ஒன்றுபடாத தொடர். செவ்வாயன்று ஒருவர் அப்படிச் சொன்னால் மூன்று நாள் கழித்து வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நம் 'அடுத்த வெள்ளி'யும் அப்படித்தானே. இங்கே இலக்கணம் பார்த்துப் பயனில்லை, தேதியைச் சேர்த்து எழுதுவதே வழி. பிரிட்டனில் 'ஃப்ரைடே வீக்' என்றால் வரும் வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்து. 'பைவீக்லி' என்பதற்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு பொருளும் அகராதியில் உண்டு, அதைத் தவிர்ப்பது நல்லது. 'ஃப்ரைடே மிட்நைட்' என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற ஐயம் வரும். இரவு 11.59 என்று எழுதினால் தீர்ந்தது.

கிழமை தேதிக்குக் காவலாகவும் நிற்கும். 04/05/2024 என்பது பிரிட்டன் முறையில் மே 4, அமெரிக்க முறையில் ஏப்ரல் 5. பக்கத்தில் சாட்டர்டே என்று இருந்தால் மே 4, ஃப்ரைடே என்று இருந்தால் ஏப்ரல் 5. வாரச் சுழற்சி எளிதில் அறுபடாதது என்பதால்தான் இந்தக் காவல் பலிக்கிறது. 1752இல் பிரிட்டன் நாள்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. தேதியில் 11 நாள் போயிற்று, கிழமை மட்டும் புதனுக்கு அடுத்து வியாழனாகவே வந்தது.

சுருக்கங்களில் மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒற்றை எழுத்தில் செவ்வாயும் வியாழனும் ஒன்றாகிவிடும், சனியும் ஞாயிறும் ஒன்றாகிவிடும். சில அமெரிக்கக் கல்லூரி அட்டவணைகளில் வியாழனுக்கு 'ஆர்', ஞாயிற்றுக்கு 'யூ' என்று போடுவது இதைத் தவிர்க்கவே. தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601இன்படி வாரம் திங்களில் தொடங்குகிறது, அமெரிக்க நாள்காட்டிகளில் ஞாயிற்றில். கணினியிலும் இந்த வேறுபாடு உண்டு. எக்செலின் 'வீக்டே' சார்பு, வேறு குறிப்புத் தராவிட்டால் ஞாயிற்றை 1 என்று எண்ணும். பைத்தான் மொழியின் 'வீக்டே' திங்களை 0 என்று எண்ணும். எண்ணை மட்டும் பார்த்துக் கிழமையை எழுதினால் அட்டவணை முழுவதும் தள்ளிப்போகும்.

பயிற்சிக்கு, கணித அறிஞர் ஜான் கான்வே தந்த கணக்கு ஒன்று உதவும். எந்த ஆண்டிலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஐந்தும் ஒரே கிழமையில் விழும். அந்த ஆண்டின் ஏப்ரல் 4 என்ன கிழமை என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அக்டோபர் 13 என்ன கிழமை, ஆகஸ்ட் 1 என்ன கிழமை என்று கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வைத்தால், வரிசையில் ஒப்பிக்காமல் எங்கிருந்தும் முன்னும் பின்னும் எண்ணும் பழக்கம் வந்துவிடும்.

தங்கள் நாளிதழில் இனி இந்தப் பட்டியலை வெளியிடும்போது ஆங்கிலப் பெயர், உரிய கோள், உரிய தெய்வம், உச்சரிப்பு என்ற நான்கோடு ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு முழு வாக்கியமும் தருமாறு வேண்டுகிறோம். அந்த ஏழு வாக்கியங்களில் ஆன், பை, அன்டில், சின்ஸ், நெக்ஸ்ட் ஐந்தும் இடம்பெற வேண்டும். எடுத்துக்காட்டில் தேதியும் வந்தால், கிழமை அதற்குப் பொருந்துகிறதா என்று நாள்காட்டியில் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்